பாட்டுக் கேட்கப் போன பத்துக் கட்டை

ஒரு பாட்டுக்காரரின் குரலைக் கேட்பதற்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான்? இக்கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் தென் பகுதியில் நாஷ்வில் என்றொரு நகரம் உண்டு. அங்கே 1925 ஆம் ஆண்டில் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஒப்ரி’ என்னும் நாட்டுப்பாடல் அரங்கு இன்றும் நடைபெறுகிறது. தோட்டக்காரரும் சுரங்கத் தொழிலாளரும் குடும்பத்தோடு வண்டியேறி, நூற்றுக்கணக்கான மைல் கடந்து, தமக்குப் பிடித்த பாடகரை நேரிலே கண்டு திரும்பும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. அவர்களுக்கு மோட்டார் வண்டியும் நீண்ட பெருந்தெருவும் இருந்தன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம்மவருக்கு இருந்தவை இரட்டை மாட்டு வண்டிலும், செம்பாட்டுத் தெருவும், வண்டிலின் கீழே ஆடும் அரிக்கன் லாம்பும்தான். ஆயினும் போனார்கள். தீவுப் பகுதியிலிருந்து வள்ளமேறிப் போனார்கள். தென்மராட்சியிலிருந்து நடந்து போனார்கள். வடமராட்சியிலிருந்து வல்லைவெளியின் காற்றை எதிர்த்துப் போனார்கள். அவர்கள் தேடிச் சென்ற குரல்களில் முதலாவதாக வைத்து எண்ணத்தக்கது காங்கேசன்துறையிற் பிறந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் குரல்.

இசை நாடகம் வந்த வழி

இன்றைய மாணவர்களுக்கு இசை நாடகம் என்றால் என்ன என்று சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நாட்டுக்குரிய பழைய கூத்து, வெட்டவெளியில் வட்டக் களரி அமைத்து, அண்ணாவியார் மத்தளம் கொட்ட, கூத்தர் ஆடிப் பாடும் கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பினால் தமிழகத்தில் வேறொரு வகை நாடகம் உருவாயிற்று. திரை கட்டிய மேடை, தீட்டிய காட்சிகள், ஒரு பக்கத்தில் ஆர்மோனியம், பாத்திரத்துக்கு ஏற்ற இராகத்தில் தனிப்பாட்டு, இருவர் எதிரெதிரே நின்று பாடும் தர்க்கப் பாட்டு என்பன அதன் இலக்கணமாயின. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை எழுதி இக்கலைக்கு நிலையான உருவம் தந்தார்.

கடல் கடந்து வந்த நாடகக் குழுக்கள் யாழ்ப்பாணத்தில் கொட்டகை போட்டு நடித்தன. 1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின் இவ்வரவு மேலும் எளிதாயிற்று. கொட்டகையில் நடந்தமையால் நம்மவர் இதனைக் ‘கொட்டகைக் கூத்து’ என்றே அழைத்தனர். வந்தவர் பாடியதைக் கேட்டுக் கேட்டு நம்மூர்க் கலைஞரும் பாடத் தொடங்கினர். பின்பு கொட்டகையை விட்டுக் கோயில் வீதிக்கும் தோட்டத் தரைக்கும் இந்நாடகம் இறங்கி வந்தது. கடலுக்கப்பால் இருந்து வந்த கலை, இரண்டு தலைமுறைக்குள் நம் கிராமத்துக் கலையாகவே மாறிவிட்டது.

இம்மரபிலே 1924 ஆம் ஆண்டில் தோன்றியவர் வைரமுத்து. ‘வசந்த கான சபா’ என்னும் அவரது குழு, நந்தனார், சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா முதலிய நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. அவற்றுள்ளும் அரிச்சந்திரன் கதையின் இறுதிப் பகுதியாகிய ‘மயான காண்டம்’ அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. அதனை அவர் மூவாயிரத்துக்கு மேற்பட்ட தடவை மேடையேற்றினார் என்று நம் நாடக வரலாற்றை எழுதினோர் குறிப்பிடுவர். முப்பது ஆண்டென்று வைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு நூறு இரவுகள். அத்தனை இரவுகளும் ஒரு மனிதன் சுடலையிலே நின்று பாடியிருக்கிறான். அதைக் கேட்க நாடு திரண்டு வந்திருக்கிறது.

இங்கேதான் நமக்கு ஒரு வியப்பு எழுகிறது. கோயில் திருவிழாவிலும் பொங்கலிலும், மங்கலமான நாளிலே, பிணமும் கொள்ளியும் வரும் ஒரு நாடகத்தைக் கேட்பதற்கு மக்கள் ஏன் பத்துக் கட்டை வழி வந்தார்கள்? கட்டை என்பது மைல். மைலுக்கொரு கட்டை நாட்டியிருந்தமையால் நம்மூரில் தூரத்தைக் கட்டைக் கணக்கிலேயே சொல்வது வழக்கம். இக்கேள்விக்கு நாம் கண்ட விடையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். அதனை நாம் நூல்களிற் படித்து அறியவில்லை. ஒரு வண்டிற் பிரயாணத்தில் அறிந்தோம்.

வண்டில் புறப்பட்டது

1965 ஆம் ஆண்டு வைகாசி மாதம். நாம் ஒன்பது வயதுச் சிறுவராக, கரவெட்டிப் பக்கத்தில் எம் பெரியப்பாவின் வீட்டில் விடுமுறைக்குத் தங்கியிருந்தோம். அச்சுவேலிக்கு அப்பால் ஓர் ஊரில், அம்மன் கோயிற் பொங்கலையொட்டி அன்றிரவு வைரமுத்துவின் மயான காண்டம் என்று செய்தி வந்தது. பஸ் வண்டிகள் 1958 ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் கையில் ஓடிக்கொண்டிருந்தன. ஆயினும் கடைசி பஸ் போனபின்னரே நாடகம் தொடங்கும். முதல் பஸ் வருமுன்னரே முடிந்துவிடும். வடமராட்சியின் புகழ்பெற்ற தட்டி வான்களை வாடகைக்குப் பிடித்துப் போவோரும் இருந்தனர். பெரியப்பா அவற்றையெல்லாம் நம்பமாட்டார். அவருக்குத் தம் வண்டிலும் தம் சோடி மாடுகளுமே போதும்.

வைரமுத்துவின் பாட்டு என்றால் பெரியப்பாவுக்குப் பித்து என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நாளாயினும், இறைப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார். மற்ற நாடகங்களைக் கேட்க அவர் அவ்வளவு விரும்புவதில்லை. மயான காண்டம் என்றால் மாத்திரம் எவ்வூராயினும் போவார். பெரியம்மா ஒருநாளும் கூடப் போனதில்லை. அயலிலுள்ள பெண்கள் அழைத்தால், “செத்த வீடு பார்க்க நான் ஏன் பத்துக் கட்டை போகவேணும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவர்களுக்கு ஒரே மகன் இருந்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நெருப்புக் காய்ச்சலில் பன்னிரண்டாம் வயதிற் காலமானான். அவனைப் பற்றி அவ்வீட்டில் எவரும் பேசுவதில்லை. அவனுடைய பாடசாலைப் பெட்டி மட்டும் தட்டியிலே அப்படியே இருந்தது. அதைத் தொடக்கூடாதென்று எமக்கு அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு வண்டிலில் வைக்கல் பரப்பினார் பெரியப்பா. “தம்பி, சாக்கு எடுத்தனியே? வைக்கலுக்கு மேலை விரி. பாட்டுத் தொடங்க முன்னம் நித்திரை கொண்டியெண்டால் இனிக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்,” என்றார். அப்பொழுது பெரியம்மா ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் மறு கையில் கட்டுச்சோறுமாக வெளியே வந்தார். நாம் வழிச் சோறு கொண்டுவருகிறார் என்றே நினைத்தோம். அவர் சோற்றையும் செம்பையும் வண்டிலில் வைத்துவிட்டு, தாமும் ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்தார்.

“நானும் வாறன்,” என்றார்.

பெரியப்பா சிறிது நேரம் மாடுகளின் கழுத்துக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். “இராக் குளிர்,” என்றார். “சால்வை எடுத்தனான்,” என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் பேச்சு. அன்று அவர் ஏன் புறப்பட்டார் என்பது எமக்கு இன்றுவரை தெரியாது.

வல்லைவெளி

நெல்லியடிச் சந்தியைத் தாண்டியதும் வழி நீண்டு விரிகிறது. வடமராட்சியையும் வலிகாமத்தையும் பிரிப்பது தொண்டைமானாற்று நீரேரி. அதனருகே மரமோ மனையோ இன்றிக் கிடக்கும் பரந்த வெளிதான் வல்லைவெளி. வைகாசியில் அங்கே சோளகக் காற்று வீசும் வேகத்தை அனுபவித்தவரே அறிவர். சைக்கிளில் வருவோர் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். வல்லை முனியப்பர் கோயிலடியில் வண்டிலை நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, நீறிட்டுக்கொண்டு போவது வழிப்போக்கர் வழக்கம். பெரியப்பா இறங்கிக் கும்பிட்டார். பெரியம்மா வண்டிலில் இருந்தபடியே கைகூப்பினார்.

வெளியிலே எமக்கு முன்னும் பின்னும் வண்டில்கள். சிலவற்றில் பெண்கள் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கடித்துக்கொண்டு கதை பேசினர். இளைஞர் சிலர் மயான காண்டப் பாட்டுக்களைத் தாமே பாடிக்கொண்டு வந்தனர். ஒரு வண்டிலிற் பிழையாகப் பாடினால் அடுத்த வண்டிலிலிருந்து திருத்தம் வரும். எந்த இராகத்தை அவர் எவ்விடத்தில் எடுப்பார், எந்த அடியை எத்தனை தரம் திருப்பிப் பாடுவார் என்பதெல்லாம் எழுத்தறியாதவருக்கும் மனப்பாடம். கதையும் தெரியும், பாட்டும் தெரியும், முடிவும் தெரியும். தெரியாத ஒன்றைக் காண்பதற்காக அவர்கள் போகவில்லை. தெரிந்த ஒன்றின்முன் மீண்டும் போய் இருப்பதற்காகவே போனார்கள்.

பாலம் கடந்து அச்சுவேலிப் பக்கம் திரும்பியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. வலிகாமத்துச் செம்பாட்டு மண் வண்டிற் சில்லில் ஒட்டிக்கொண்டது. இருமருங்கும் வெங்காயமும் புகையிலையும். வழியோரச் சுமைதாங்கியிற் களைப்பாறியிருந்த முதியவர் ஒருவர், “எங்கையிருந்து வாறியள்?” என்று கேட்டார்.

“கரவெட்டிப் பக்கத்தாலை, அப்பு.”

“பாட்டுக்கோ? போங்கோ, போங்கோ. சனம் நிரம்பிப் போச்சு,” என்றார் அவர்.

சுடலைக் காட்சி

கோயிலின் பின்புறத் தோட்டத் தரையில் மேடை. பனை மரத் தூண்கள், கிடுகுக் கூரை, முன்னே மடிப்பு விழுந்த சிவப்புத் திரை. இரண்டு பெற்றோமாக்ஸ் விளக்குகள் சீறிக்கொண்டு எரிந்தன. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகப் பாய்களையும் சாக்குகளையும் விரித்து உட்கார்ந்திருந்தனர். சாதி பார்த்து ஒதுங்கியிருந்த ஒரு பகுதியும் இருந்தது. அதனையும் மறையாமற் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளின் பின், 1968 ஆம் ஆண்டில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டது. அத்தகைய காலத்தில், அத்தகைய ஊர்களில், அரசன் ஒருவன் சுடலை காப்பவனுக்கு அடிமையாகி நிற்கும் கதையை எல்லாரும் ஒரே விளக்கின்கீழ் இருந்து பார்த்தார்கள் என்பது சிறு செய்தியன்று.

கதையை அறியாதார் சிலர் இருக்கலாம். விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக அயோத்தி அரசன் அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான். மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசி நகரிலே விற்கிறான். தானும் வீரபாகு என்னும் புலையனுக்கு அடிமையாகிச் சுடலை காக்கிறான். தருப்பை பறிக்கச் சென்ற மகன் பாம்பு தீண்டி இறக்கிறான். நள்ளிரவில் தாய் தன்னந்தனியே பிள்ளையின் உடலைச் சுமந்து சுடலைக்கு வருகிறாள். அங்கே காவலன் வழி மறிக்கிறான். முழத் துண்டும் கால் பணமும் வாய்க்கரிசியும் தந்தாலன்றிப் பிணத்தைச் சுட விடேன் என்கிறான். அவளிடம் எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாமல், இறந்த பிள்ளைக்கு இப்புறம் தாயும் அப்புறம் தந்தையும் நின்று தர்க்கம் செய்கிறார்கள்.

பத்து மணிக்கு ஆர்மோனியம் எழுந்தது. திரை விலகியபோது கையிலே கோலும் உடலிலே சாம்பலுமாக அவர் நின்றார். பாடத் தொடங்குமுன் ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். கச்சான் விற்கும் பெண்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டாள். பின்பு அக்குரல் எழுந்தது. மேற்சுருதியில், இழுத்த கம்பி போல, அந்த இருட்டின் கடைசி மூலை வரை போயிற்று. சங்கீத வித்துவான்கள் கேட்டால் இலக்கணம் பேசலாம். எமக்கு அப்போது தோன்றியது ஒன்றே. இவர் பாடுகிறார் என்று தோன்றவில்லை. சுடலையிலே நிற்கிற ஒருவன் தன் நிலையைச் சொல்லுகிறான் என்றே தோன்றிற்று.

சந்திரமதி வேடம் பூண்டவரும் ஆண்தான். அதனை எவரும் நினைக்கவில்லை. பிள்ளையை நிலத்திற் கிடத்தி அவள் புலம்பியபோது பெண்கள் பக்கத்தில் விசும்பல் எழுந்தது. நாம் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் அழவில்லை. மேடையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்குள் முதன்முதலாகப் போகிறவர் எது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுபோல, அந்தச் சுடலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கத்தில், ஆண்களின் நடுவே, பெரியப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நாம் கண்டது அன்றுதான். அவருக்கு இரு பக்கமும் இருந்தவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். எவரும் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவு எல்லாருக்கும் தெரியும். மனைவியையே வெட்டும்படி அரிச்சந்திரனுக்குக் கட்டளை வருகிறது. ஓங்கிய வாள் மாலையாகிறது, தேவர் தோன்றுகின்றனர், பிள்ளை எழுகிறான். அவன் எழுந்தபோது கூட்டம் ஆரவாரித்தது. பெரியம்மா மட்டும் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

திரும்பிய வழி

அதிகாலை மூன்று மணிக்கு வண்டில் திரும்பியது. நாம் வைக்கலிற் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டோம், நித்திரை வரவில்லை. வல்லைவெளியில் காற்றுச் சிறிது அடங்கியிருந்தது. சில்லின் ஓசையைத் தவிர வேறெதுவும் இல்லை. பாலத்தை அணுகியபோது பெரியம்மா பேசினார்.

“இஞ்சாருங்கோ.”

“ம்.”

“பிள்ளையைத் தெற்கை தலை வைச்சுத்தானே கிடத்தினீங்கள்?”

வண்டில் சிறிது தூரம் போயிற்று.

“ஓம். தெற்கைதான்.”

“கடைசியாய் முகத்தை மூடினது ஆர்?”

“நான்தான்.”

“கொள்ளி?”

“நான்தான் வைச்சனான். கை நடுங்கினது. உன்ரை கொண்ணர்தான் கையைப் பிடிச்சவர்.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

“நீ கேக்கேல்லை.”

“கேக்கப்படாதெண்டு இருந்தனான்,” என்றார் பெரியம்மா.

அதன்பின் பெரியப்பா தாமாகவே சொல்லத் தொடங்கினார். வளவிலே நின்ற மாமரத்தை வெட்டியது, ஈர விறகு பிடிக்காமல் நேரம் சென்றது, வயல் வழியே கொண்டுபோனபோது அவனோடு படித்த பிள்ளைகள் வரம்பில் நின்றது, மறுநாள் காடாற்றப் போனபோது மழை தூறியது எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். பெரியம்மா இடையிடையே ஒரு கேள்வி கேட்டார். நெல்லியடி வரும்வரை அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் தட்டியிலிருந்த பாடசாலைப் பெட்டி கீழே இறங்கியது. அதிலிருந்த பென்சில் ஒன்று எமக்குக் கிடைத்தது.

அன்று எமக்கு விளங்காதது பிற்காலத்தில் விளங்கிற்று. நம் நாட்டுச் சைவ வழக்கப்படி பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பறை முழங்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பெற்ற தாய் படலையடியில் நின்றுவிட வேண்டும். மார்பிலடித்துக்கொண்டு அழலாம், ஒப்பாரி சொல்லலாம், தெருவின் வளைவுக்கப்பால் என்ன நடந்தது என்பதைக் காண முடியாது. ஆணோ சுடலைக்குப் போகலாம். ஆனால் அங்கே அழக்கூடாது. அவன் கொள்ளி வைக்க வேண்டியவன். அழுவதற்கு இடமிருந்தவளுக்குக் காண்பதற்கு இடமில்லை. கண்டவனுக்கு அழுவதற்கு இடமில்லை.

மயான காண்டத்தில் இவ்விரு விதிகளும் மீறப்படுகின்றன. தாய் சுடலைக்கு வருகிறாள். தந்தை அங்கே நின்று வாய்விட்டுப் பாடுகிறான். படலையடியில் நின்றுபோன தாய்மார் சந்திரமதியின் பின்னால் அந்த இடத்துக்குப் போய் வந்தார்கள். கொள்ளி வைத்த கையோடு வாய்மூடித் திரும்பிய தந்தைமார் அரிச்சந்திரனின் குரலிலே அழுதார்கள். மூவாயிரம் இரவுகளுக்கு அதுதான் பொருள் என்று நாம் எண்ணுகிறோம். வைரமுத்து இதனை எண்ணிப் பாடினாரோ, நாம் அறியோம். பாட்டுக்காரன் பாட்டை மட்டும் கொண்டுவருகிறான். கேட்பவன் தன் வீட்டிலிருந்து மற்றதைக் கொண்டுவருகிறான். அதைச் சுமந்துவரத்தான் பத்துக் கட்டை வழி வேண்டியிருந்தது போலும்.

வழி மூடிய காலம்

1980-களில் இரவுப் பிரயாணம் அச்சத்துக்குரியதாயிற்று. ஊரடங்குச் சட்டம் வந்தபின் விடியவிடிய நடக்கும் நாடகம் எங்கே நடக்கும்? வண்டில்களும் மெல்ல மறைந்தன. 1989 ஆம் ஆண்டில் வைரமுத்து காலமானார். அடுத்த ஆண்டு, 1990 இல், வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். காங்கேசன்துறையும் பலாலியும் மயிலிட்டியும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, புகைவண்டி நின்றது. அப்பாட்டுக்காரர் பிறந்த ஊர், பாட்டுக் கேட்க ஆளில்லாத ஊராயிற்று.

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. காங்கேசன்துறைக்கு 2015 ஆம் ஆண்டு தை மாதம் மீண்டும் புகைவண்டி வந்தது. வலயத்துள் இருந்த நிலம் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ தாய்மாருக்குப் படலையடியில் நின்று வழியனுப்பவும் ஒரு உடல் கிடைக்கவில்லை. எந்தச் சுடலை, எந்தத் திசை என்று கேட்பதற்கும் அவர்களுக்கு ஓர் ஆள் இல்லை. அவர்களை நினைக்கும்போதெல்லாம், அவ்விரவில் பாலத்தடியில் பெரியம்மா கேட்ட முதற் கேள்வி எம் காதில் விழுகிறது.

இசை நாடகம் அழிந்துவிடவில்லை. பழைய கலைஞரிடம் பயின்றோரும் கலாமன்றங்களும் அதனை இன்றும் மேடையேற்றுகின்றனர். முழு இரவு நாடகம் இரண்டு மணி நேரமாகக் குறுகியிருக்கிறது. ஆயினும் மயான காண்டம் என்றால் முதியவர் கூட்டம் இன்றும் கூடுகிறது. அண்மையில் நாம் அதே வழியாக மோட்டார் வண்டியிற் சென்றோம். நெல்லியடியிலிருந்து அச்சுவேலிக்குப் போய்ச் சேர அரைமணி நேரமும் ஆகவில்லை. வல்லைவெளியில் சோளகம் மட்டும் முன்போலவே வீசிக்கொண்டிருந்தது.

கைப்பேசியில் விரலால் தொட்டால் எந்தப் பாட்டும் வந்து நிற்கும் காலம் இது. அதனை நாம் குறை சொல்லவில்லை. படுக்கையிற் கிடக்கும் முதியவருக்கு அது பெரும் உதவி. ஆனால் அடுத்த முறை உங்கள் ஊருக்கருகில் இசை நாடகம் நடக்குமாயின், வீட்டிலுள்ள ஆச்சியையும் அப்புவையும் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, திரும்பி வரும் வழியில் அவசரப்படாதீர்கள். அவர்கள் முன்னொரு நாள் எந்த வண்டிலில் ஏறி, யாரோடு, யாருடைய பாட்டைக் கேட்கப் போனார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். சில வீடுகளில் அந்தக் கதை ஐம்பது ஆண்டுகளாக ஒரு கேள்விக்காகக் காத்திருக்கிறது.